இங்கு ஸ்பேசர் மாட்டித் தரப்படமாட்டாது

கண்ணாடிக்காரர் அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் ஸ்பேசர் மாட்டித் தர முடியுமா என்று கேட்டார். பலகை ஒன்றும் சின்னது இல்லை. டயர்க் கடை வாசலில், காற்றடிக்கும் எந்திரத்துக்கு மேலே, சிவப்பு எழுத்தில், தெருக்கோடியில் இருந்து பார்த்தாலும் தெரியும்: 'இங்கு ஸ்பேசர் மாட்டித் தரப்படமாட்டாது'. ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற மனிதர், தன் தலைக்கு மேலே இருப்பதைப் படிக்கவில்லை. பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக்கொண்டிருந்த டயர்க்காரர் ஒரு கணம் சந்தோஷப்பட்டார். கடைசியில் இவரிடம் ஒரு குறை அகப்பட்டது.

எவ்வளவு தேடியும் குறை அகப்படாததுதான் ஒன்றரை வருஷமாக டயர்க்காரருக்குப் பெரிய குறை. கண்ணாடிக்காரர் அவருடைய மருமகளின் இரண்டாவது புருஷன். மகன் ஒரு வாரக் காய்ச்சலில் போனபோது பேத்திக்குப் பல்கூட முளைக்கவில்லை. அதன் பிறகு நாலு வருஷம் மருமகள் அந்த வீட்டிலேயே இருந்தாள். மாமனார் கடையைப் பார்த்தார், மருமகள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள், இருவரும் மாறி மாறிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்கள். “எனக்கென்ன, இன்னும் பத்து வருஷமோ பதினஞ்சு வருஷமோ. அப்புறம் நீ யாரோட பேசுவே?” என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவளை மறுபடி கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதவரும் அவர்தான். மூன்றையும் ஒரே மனிதர் ஒரே மனசோடு செய்தார். அதில் அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை.

நம் பாஷையில் ஓரகத்தி, சகலை, சம்பந்தி என்று எந்த மூலையில் இருக்கிற உறவுக்கும் ஒரு பேர் உண்டு. மருமகளின் இரண்டாவது புருஷனுக்கு ஒரு பேர் வேண்டியிருக்கும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. டயர்க்காரர் அவரைத் 'தம்பி' என்பார். அவர் பதிலுக்கு ஒன்றுமே கூப்பிடாமல், கிட்டே வந்து நின்று, பார்த்த பிறகு பேசுவார்.

“பலகையைப் பாத்தீங்களா தம்பி?”

கண்ணாடிக்காரர் அண்ணாந்தார். நிதானமாகக் கடைசி எழுத்துவரை படித்தார். “இப்பதான் பாக்கறேன். ஆனா உங்ககிட்டதான் கேக்கணும்.”

“யார் வண்டிக்கு?”

“என் வண்டிக்குத்தான். அந்த நாலு சக்கரம் இருக்குல்ல, உங்க கட்டிலுக்கு அடியில…”

டியூப் கையை விட்டுத் துள்ளித் தண்ணீர் இருவர் சட்டையிலும் தெறித்தது.

அந்த நாலு அலாய் சக்கரங்களும் மகன் ஆசை ஆசையாய் வாங்கியவை. அவனுடைய வண்டிக்கு அவை சரியாக உட்காரவில்லை. உள்பக்கம் ஷாக் அப்சார்பரை உரசின. சக்கரத்துக்கும் அது மாட்டுகிற ஹப்புக்கும் நடுவில் ஒரு தட்டு, அதாவது ஸ்பேசர், வைத்து வெளியே தள்ளினால் உரசாது. “அந்தப் பேச்சே இந்தக் கடையில கிடையாது” என்றுவிட்டார் அப்பா. அவருக்குக் காரணம் இருந்தது. பல வருஷம் முன்பு, எவனோ சந்தையில் வாங்கிய மலிவுத் தட்டைத் தானே செருகிக்கொண்டு வந்த ஒரு வண்டி, அவர் கண்ணெதிரே, கடைத் தெருவில், முன்சக்கரத்தை இழந்தது. வண்டி தரையைக் கீறிக்கொண்டு நின்றுவிட்டது. சக்கரம் நிற்கவில்லை. ஏதோ அவசர வேலை இருப்பதுபோலத் தனியாக உருண்டு போய்ப் பள்ளிக்கூடச் சுவரில் மோதி விழுந்தது. பள்ளி விட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, அவ்வளவுதான் தப்பித்த கதை. அந்த வாரமே பலகை ஏறியது. 'உங்க பலகையை ஒருநாள் நீங்களே ஏமாத்தப் போறீங்க பாருங்கப்பா' என்று மகன் சிரிப்பான். அப்பாவும் பிள்ளையும் அதை வைத்து மாசக்கணக்கில் சண்டை போட்டார்கள், இருவருக்கும் அலுக்காத நல்ல சண்டை. அது முடிவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. வண்டியை விற்றாயிற்று. சக்கரங்களைப் பழைய போர்வைகளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர், அதன் பிறகு ஒருமுறைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை. துடைப்பம்கூட அந்தப் பக்கம் பார்த்துத்தான் போகும்.

“எதுக்கு உங்களுக்கு அது?” என்றார் டயர்க்காரர்.

கண்ணாடிக்காரர் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார். “நாங்க ஊர் மாறிப் போறோம்ல. புது ஊர்ல பாப்பாகிட்ட, இது உங்கப்பாவோடதுன்னு காட்ட ஒண்ணும் இல்ல. போட்டோ இருக்கு. ஆனா போட்டோ சுவத்துலயே இருக்கும். இதுன்னா கூட வரும்ல.”

இப்படிப் பேசுகிற ஆளை எப்படித்தான் வெறுப்பது. டயர்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊர் மாறுவது அவருக்கும் தெரிந்ததுதான். மலைக்கு அந்தப் பக்கம், ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டினால் போய்ச் சேருகிற ஊர். அங்கே கண்ணாடிக்காரரின் அண்ணன் கடை. அண்ணனுக்கு உடம்பு முடியவில்லை. இப்போது ஞாயிறு தவறாமல் பேத்தி வருகிறாள், பழைய டயருக்குள் உட்கார்ந்து ராணி மாதிரி அதிகாரம் பண்ணுகிறாள். இனி எத்தனை ஞாயிறு? முதலில் மாசத்துக்கு ஒருமுறை வருவார்கள். பிறகு லீவுக்கு. பிறகு அவளுக்கும் அங்கே சிநேகிதர்கள், அங்கே ஒரு வாழ்க்கை. நடுவில் இருந்த பிள்ளையே போய்விட்ட பிறகு இந்தக் கிழவனுக்கு அவர்கள் என்ன உறவு? யோசித்தால் ஒரு கையெழுத்து. அதுவும் அவர்களை அனுப்பிவைப்பதற்காகப் போட்டது. இப்போது சக்கரமும் போக வேண்டுமாம்.

“அது உங்க வண்டிக்குப் பொருந்தாது” என்றார்.

“தெரியும். அதனாலதான் இது.” கண்ணாடிக்காரர் பையிலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்தார். கூரியரில் வரவழைத்திருக்கிறார். “போல்ட் ஓட்டையெல்லாம் அளந்துதான் வாங்கினேன். கடையில லென்ஸ் அளக்கற ஸ்கேல் வெச்சு.”

டயர்க்காரர் வாங்கிப் பார்த்தார். போல்ட் ஓட்டைகள் சுத்தமாகச் சரியாக இருந்தன. ஆனால் நடுவில் இருந்த பெரிய ஓட்டை தொளதொளவென்று இருந்தது. “தம்பி, வண்டி பாரம் தாங்கறது போல்ட் இல்ல. ஹப்போட நடுவுல ஒரு விளிம்பு நீட்டிட்டிருக்கும். தட்டு அது மேல கச்சிதமா ஒக்காரணும். தட்டோட மறுபக்கமும் அதே மாதிரி ஒரு விளிம்பு இருக்கணும், அதுல சக்கரம் ஒக்காரணும். இது வளையல் கடையில வாங்கின வளையல் மாதிரி ஆடும். ஆடினா போல்ட் தேயும். தேஞ்சா அறுந்துடும்.”

“மையம்” என்றார் கண்ணாடிக்காரர், தலையில் அடித்துக்கொண்டு. “மையத்தை விட்டுட்டேனே. நாங்க லென்ஸ்ல ரெண்டு மில்லி மையம் தப்பினா, ஆளு தலைவலின்னு மறுநாளே திரும்பி வந்துடுவாங்க.”

“உங்க தொழில்ல தலைவலியோட போச்சு. இங்க ஆளு திரும்பி வர மாட்டான்.”

கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. ஆனால் கண்ணாடிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, அதையும் ஒப்புக்கொண்டவர்போலத் தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு டயர்க்காரருக்கு வேலை ஓடவில்லை. பொருந்தாது என்று எதை வைத்துச் சொன்னார்? அளந்தாரா? அவருடைய கடையில் அளக்காமல் ஒரு வார்த்தை வராது என்று பேர். மகனிடமும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். ஆனால் அன்று அளந்துவிட்டுச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய், முழங்காலைத் திட்டிக்கொண்டே குனிந்து, ஒரு சக்கரத்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். போர்வை முடிச்சில் கை வைத்ததுமே சந்தேகம் வந்தது. அவர் போடுகிற முடிச்சு இல்லை இது. வாடிக்கையாக அவர் போடுவது இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு; இது குழந்தையின் ரிப்பன் முடிச்சு. பிரித்துச் சக்கரத்தைக் கவிழ்த்தார். பின்பக்கம், ஹப்பில் போய் ஒட்டுகிற அந்த வட்டமான தட்டைப் பரப்பில், வெள்ளிப் பெயிண்ட். ஒரு பூச்சு இல்லை, பூச்சுக்கு மேல் பூச்சு. ஓரத்தில் பிரஷ்ஷின் மயிர் ஒன்று ஒட்டி அப்படியே காய்ந்திருந்தது. அவர் எழுந்து வாசலுக்குப் போய்க் கேட்டைப் பார்த்தார். அதே வெள்ளி. கேட்டுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தது மருமகள்தான்; மழைக்கு முன்னால் அடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பாள். டப்பாவில் மிச்சம் இருந்த பெயிண்ட் எங்கே போயிற்று என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மற்ற மூன்றையும் இழுத்துப் பார்த்தார். நாலிலும் இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்து வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சக்கரங்கள் தன் ஒருவருடைய துக்கம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். தான் தொடப் பயந்ததை ஒருத்தி சத்தமில்லாமல் வருஷா வருஷம் எடுத்துப் பிரித்து, பார்த்து, பூசி, திரும்பக் கட்டி வைத்திருக்கிறாள். கல்யாணம் ஆகிப் போகும்போது எதையும் கேட்காமல் போனாளே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம்கூட இருந்தது. கேட்காமல் போனவளின் மேல் இப்போது அவருக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது. கூடவே தன் மேல் கொஞ்சம் எரிச்சலும். கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டார்.

“தம்பி, ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டாங்க. அளந்து பாப்போம்.”

ஞாயிற்றுக்கிழமை பேத்திதான் அவருக்கு உபகரணம் கொடுத்தாள். முன்சக்கரத்தைக் கழற்றி, பெயிண்ட் அடித்த சக்கரங்களில் ஒன்றைச் சும்மா மாட்டிப் பார்ப்பதற்கு முன்னால், சக்கரம் எங்கே எவ்வளவு நெருங்குகிறது என்று அறிய அவருக்குக் களிமண் தேவைப்பட்டது. பேத்தியின் விளையாட்டுக் களிமண் ஒரு டப்பா இருந்தது. அவள் பச்சை நிறத்தைத் தர மறுத்தாள், அதில் டைனோசர் செய்திருந்தாளாம். மஞ்சளைக் கொடுத்தாள். அதை ஷாக் அப்சார்பரில் அப்பி, சக்கரத்தை மாட்டி மெல்லச் சுற்றிவிட்டுக் கழற்றினால், களிமண் அப்பளம்போல் நசுங்கி இருந்தது.

“இவ்ளோதான் சந்து. பள்ளத்துல இறங்கினா இடிச்சிடும்” என்றார். “ஒரு பத்து மில்லி தட்டு போதும்.”

“இருபது போட்டா இன்னும் பத்திரம் இல்லையா?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

“பவர் கூடக் கூடக் கண்ணு நல்லாத் தெரியுமா?”

கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டார். “இல்ல. எவ்வளவு தேவையோ அவ்வளவுதான்.”

“அதேதான். ஜாஸ்தி தள்ளினா மட்கார்டுக்கு வெளிய வரும், பேரிங் சீக்கிரம் தேஞ்சுடும். பத்து பத்தலைன்னு ரெண்டு தட்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறதும் கூடாது. பின்னால உரசல, அதனால பின்னால வேண்டவே வேண்டாம். முன்னால ரெண்டு பக்கமும் ஒரே கனம். தட்டு வர்றதால போல்ட் நீளம் பத்தாது; நட்டு எட்டுச் சுத்தாவது ஏறணும், இல்லன்னா அது பிடிப்பே இல்ல. நீள போல்டா மாத்திடறேன்.”

அப்போது பேத்தி காற்று எந்திரத்தின் மேல் ஏறி நின்று பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். “ஸ்பே… சர்… மாட்… டித்… தரப்… பட… மாட்… டாது.” முடித்துவிட்டுக் கேட்டாள்: “தாத்தா, அப்ப நீ என்ன பண்றே?”

“வாயை மூடிட்டு எறங்குடி.”

நம்பகமான இடத்தில் சொல்லி வைத்த தட்டுகள், இன்று வரும் நாளை வரும் என்று இழுத்தடித்து, அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் வந்தன. டயர்க்காரர் ஒன்றைக் கையில் எடுத்து ஹப்பில் வைத்துப் பார்த்தார். விளிம்பில் சின்னதாக ஒரு தயக்கம், பிறகு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஆட்டமே இல்லை. மகன் பார்த்திருந்தால் என்ன ஆட்டம் ஆடியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். பழைய போல்ட்டுகளைத் தட்டி எடுத்து நீளமானவற்றை ஏற்றினார். ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்தார். எல்லாம் தயார். சக்கரத்தின் பின்பக்க வெள்ளிப் பெயிண்ட் மட்டும்தான் பாக்கி. அது இருக்கும்வரை மாட்டக் கூடாது. உலோகமும் உலோகமும் நேராக ஒட்டினால்தான் முறுக்கு நிற்கும். நடுவில் பெயிண்ட் இருந்தால் ஓட ஓட அது நசுங்கும், நசுங்கினால் நட்டு தளரும். உப்புத்தாளைக் கையில் எடுத்தார். வைத்துவிட்டார். மறுபடி எடுத்தார். பிறகு மருமகளுக்குப் போன் செய்தார்.

“வேலை முடிஞ்சா நேரா கடைக்கு வாம்மா.”

“அவங்களுக்குத் தெரியாம பண்ணலாம்னுதானே…” என்று இழுத்தார் கண்ணாடிக்காரர்.

“அவ போட்டதை அவளைக் கேக்காம நான் எப்படிச் சுரண்டறது?”

அவள் தோள்பையோடு வந்து, கவிழ்த்து வைத்திருந்த நாலு சக்கரங்களையும் பார்த்தாள். பக்கத்தில் நின்ற வண்டியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் ஒரு தப்பும் செய்யாதவருக்கே வருகிற திருட்டு முழியோடு நின்றார். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

“துரு பிடிச்சிடுமோன்னு அடிச்சியாம்மா?” என்றார் டயர்க்காரர். “இது அலாய். இதுக்குத் துருவே பிடிக்காது.”

“தெரியும் மாமா. உங்க பிள்ளைதான் நூறு தடவை சொல்லியிருக்காரே.” அவள் குனிந்து ஒரு விரலால் பெயிண்ட்டைத் தொட்டாள். “ஏதாவது பண்ணணும்போல இருந்துச்சு. அதுக்குன்னு பண்ண வேற ஒண்ணும் இல்ல.”

பெயிண்ட் ஏன் இருக்கக் கூடாது என்பதை டயர்க்காரர், தரையைப் பார்த்தபடி, தேவைக்கு அதிகமாகவே விளக்கினார். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு அவர் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கிக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, தரையில் உட்கார்ந்துவிட்டாள். வருஷத்துக்கு ஒன்றாகப் பூசியது வருஷத்துக்கு ஒன்றாக உதிர்ந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து டயர்க்காரரும் முழங்கால் முனக எதிரே உட்கார்ந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்று, கடைசியில் டீ வாங்கப் போனார். தேய்க்கிற சத்தம் மட்டும் இருந்தது. ஒருமுறை அவள் மூக்கை உறிஞ்சினாள். அவர் தூசி என்று எடுத்துக்கொண்டார். அவருக்கும் தூசிதான்.

மாட்டி முடித்து, வண்டி தரையில் நின்றபோது அழகாகத்தான் இருந்தது. அவரே இரண்டு தெரு ஓட்டிப் பார்த்தார். ஸ்டீயரிங்கில் நடுக்கம் இல்லை, முழுக்கத் திருப்பினாலும் உரசல் இல்லை. இறங்கி வந்து சொன்னார்: “இப்ப ஒரு விஷயம். ஸ்பேசர் போட்டா, நூறு கிலோமீட்டர் போல ஓடினதும் நிறுத்தி, எல்லா நட்டையும் மறுபடி பாக்கணும். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒக்கார்ற நேரம் அது. மறந்துடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.”

“வழியில ஏதாவது கடையில…”

“எவன் கடையில? ரெஞ்சு மேல ஏறி நின்னு மிதிப்பான். போல்டு கழுத்தே போயிடும்.”

அவர் உள்ளே போய் ஒரு நீளப் பெட்டியோடு வந்தார். மருமகளுக்கு அது என்னவென்று தெரியும். வாயில் கை வைத்தாள். வேண்டிய அளவு முறுக்கு ஏறியதும் 'டக்' என்று சொல்லுகிற டார்க் ரெஞ்ச். அந்தக் கடையில் எதை வேண்டுமானாலும் இரவல் கேட்கலாம், அதை மட்டும் கேட்க முடியாது. அதைக் கேட்பதும் அவருடைய பல்செட்டைக் கேட்பதும் ஒன்று. மகனுக்கே கொடுத்ததில்லை.

“நான் பண்றேன் மாமா” என்றாள் அவள். “எனக்குக் காட்டுங்க.”

ஒரு நட்டு விட்டு ஒரு நட்டு, நட்சத்திரம் போடுகிற வரிசை. இழுப்பு சீராக இருக்க வேண்டும், வெட்டி இழுக்கக் கூடாது. டக் என்றதும் நிறுத்த வேண்டும், ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் இழுக்கக் கூடாது. சக்கரம் சூடாக இருக்கும்போது தொடக் கூடாது. அவள் ஒருமுறை செய்து காட்டினாள். பேத்தி பக்கத்தில் நின்று வாயாலேயே 'டக்' சொன்னாள்.

மறுநாள் காலையில் அவர்கள் போய்விட்டார்கள். கையசைத்து முடித்ததும் அவர் கடையைத் திறந்தார். வேறு என்ன செய்ய? ஆனால் மனசு வண்டிக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பாலம் தாண்டியிருப்பார்கள். இப்போது மலை அடிவாரம். தனியாக உருண்டு போன அந்தப் பழைய சக்கரம் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. இந்த முறை வண்டிக்குள் பேத்தி இருந்தாள். பலகை போட்டவனே பலகையை மீறினானே, எதற்கு? பாசத்துக்கு. பாசத்துக்கு முறுக்கு அளவு தெரியுமா? ஒரு லாரிக்காரர் டயரைக் கொண்டுவந்து போட்டு, கழற்றச் சொன்னார். டயர்க்காரர் கழற்றினார், எதற்குக் கழற்றினோம் என்று மறந்து திரும்ப மாட்டப் போனார்.

“பெரியவரே, பஞ்சர்” என்றார் லாரிக்காரர்.

“தெரியுது, தெரியுது.”

போன் அடித்தபோது கையில் கிரீஸ். அப்படியே எடுத்தார்.

“தாத்தா! நாங்க நின்னுட்டோம். டீ குடிச்சாங்க. சக்கரம் ஆறிடுச்சு, நான் தொட்டுப் பாத்தேன்.”

“உங்கம்மா எங்கடி?”

“கீழ உக்காந்திருக்கா. போனை சக்கரத்துகிட்ட வெச்சுக்கச் சொன்னா. நீ கேளு.”

பேத்தி போனைக் கீழே கொண்டுபோகிற சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு பஸ் கடந்தது. டயர்க்காரர் லாரிக்காரரை நோக்கிக் கையை உயர்த்தினார், ஒரு நிமிஷம் என்று. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தெருச் சத்தம் அண்டாமல் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டார்.

டக்.

நகராமல் உடனே வந்த டக். நல்ல சத்தம். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது. பேத்தி எண்ணினாள், தப்பாக. ஒரு சக்கரம் முடிந்து போன் வண்டியைச் சுற்றிப் போயிற்று. கல்லில் செருப்பு தேய்ந்தது, 'பாத்துடி' என்று கண்ணாடிக்காரரின் குரல் கேட்டது. இரண்டாவது முன்சக்கரத்தில், நடுவில் ஒரு நட்டுக்கு, டக் வருவதற்கு முன்னால் சின்னதாக ஒரு கிரீச்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “அது திரும்புச்சா?”

“ஒரு நூல் அளவு மாமா.” மருமகள் மூச்சு வாங்கினாள். “தப்பா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அந்தச் சக்கரம் அவள் தேய்த்ததா, தான் தேய்த்ததா? ஓட்டையைச் சுற்றி எங்கேயோ பழைய வெள்ளி ஒரு துளி ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். அது இத்தனை தூரமும் நசுங்கி நசுங்கி இப்போதுதான் இடம் கொடுத்திருக்கிறது.

“தப்பில்லம்மா. ஒக்காருது. இதுக்குத்தான் நிறுத்தச் சொன்னது. அந்தச் சக்கரத்துல எல்லாத்தையும் இன்னொரு சுத்துப் பாரு.”

டக். டக். டக். கிரீச் இல்லை. அவர் மெல்ல உட்கார்ந்தார். பின்சக்கரங்களும் முடியும்வரை ஒன்று விடாமல் கேட்டார். முடிந்ததும் போனில் கண்ணாடிக்காரர் வந்தார்.

“எல்லாம் சரிதானே மாமா?”

“இப்ப சரி” என்றார் டயர்க்காரர். “ஒரு நட்டு நகந்திருக்கு. அதனால இன்னொரு நூறு ஓடினதும் மறுபடி நிறுத்திப் பாருங்க. பாத்துட்டு…”

“போன் பண்றோம். இதே மாதிரி, நீங்க கேக்கற மாதிரி. அது நகராம நிக்கற வரைக்கும் பண்றோம்.”

அவர் பதில் சொல்வதற்குள் பேத்தி போனைப் பிடுங்கிக்கொண்டாள். “தாத்தா, அடுத்த தடவை நான் முறுக்கட்டுமா?”

“நீ போனைப் பிடி. அதுதான் பெரிய வேலை.”

கார்க் கதவுகளைச் சாத்துகிற சத்தம் கேட்டது. எஞ்சின் கிளம்பியது. பேத்தி போனை அணைக்க மறந்திருந்தாள். டயர்க்காரரும் அணைக்கவில்லை. லாரிக்காரர் பலகையைப் படித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். கிரீஸ் படிந்த விரல்களின் நக இடுக்கில் நேற்றைய வெள்ளிப் பொடி இன்னும் மினுங்கியது. போனுக்குள் நாலு சக்கரமும் தார்ச் சாலையில் ஒரே சீராக ஓடுகிற சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.